"டைம்"ங்கிற வார்த்தைக்கு ரைம் தேடலாம் வாங்க: முழு ரைம், கிட்டத்தட்ட ரைம், முதல் படியிலிருந்து

என் சித்தி பொண்ணு திருச்சில காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறா, கிட்டார் வாசிப்பா, இப்போ இங்கிலீஷ்ல சொந்தமா பாட்டு எழுத ஆரம்பிச்சிருக்கா. போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி, "அக்கா, டைம்ங்கிற வார்த்தைக்கு ரைம் என்னென்ன இருக்கு, எனக்கு லைம், க்ரைம், ரைம் இந்த மூணு தான் வருது, மூணுமே என் பாட்டுக்கு ஒட்டல"ன்னு கேட்டா. பாட்டு எதைப் பத்தின்னா, இவளும் இவ ஃப்ரெண்டும் மலைக்கோட்டை ஏறப் போன நாள், இவ பஸ்ஸ விட்டுட்டா, அந்தப் பொண்ணு போகாம வரிசைல இவளுக்கு இடம் புடிச்சு வெச்சுக்கிட்டு நின்னிருக்கா. முதல் வரி நல்லா வந்திருச்சு: "ஐ மிஸ்ட் த பஸ், ஐ டிட்ன்ட் மேக் இட் இன் டைம்". ரெண்டாவது வரிக்கு ரைம் கிடைக்காம, "த மூன் வாஸ் ஹேங்கிங் லைக் எ ஸ்லைஸ் ஆஃப் லைம்"னு போட்டிருக்கா. காலைல பத்து மணிக்கு மலைக்கோட்டைல நிலா எங்கிருந்து வந்துச்சு, எலுமிச்சை எங்கிருந்து வந்துச்சு? ரைமுக்காக உள்ள இழுத்துட்டு வந்தது, அவளுக்கே அது தெரிஞ்சு தான் போன் பண்ணா.

அன்னைக்கு ஒரு மணி நேரம் போன்லயே உக்காந்து சேர்ந்து தேடினோம். அதைத்தான் இங்க படிப்படியா எழுதுறேன், இங்கிலீஷ் பாட்டோ கவிதையோ ராப்போ புதுசா எழுத ஆரம்பிக்கிறவங்க யாருக்கும் உதவும். டைம்ங்கிற ஒரே வார்த்தைய எடுத்துக்கிறேன், ஏன்னா அது எல்லா பாட்டுலயும் வந்து நிக்கும். 2006ல ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரங்க கோடிக்கணக்கான வார்த்தைகள அலசி, இங்கிலீஷ்ல ரொம்ப அதிகமா புழங்குற பெயர்ச்சொல் டைம் தான்னு சொன்னாங்க. இந்த ஒண்ணுக்கு தேடத் தெரிஞ்சா மத்த எல்லா வார்த்தைக்கும் அதே வழி தான்.

முதல் வேலை, ஸ்பெல்லிங்க மறந்துடுங்க. நிஜமாவே கண்ண மூடிட்டு வார்த்தைய சத்தமா ரெண்டு மூணு தடவ சொல்லுங்க. டைம். இதுல மூணு சத்தம் தான் இருக்கு: முன்னாடி ஒரு மெய், நடுவுல "ஐ"ங்கிற உயிர், கடைசில "ம்". எழுதும்போது கடைசில ஒரு "ஈ" போடுறோமே, அது வாய்ல வரவே வராது. இப்போ இந்த வார்த்தைய உயிர் ஆரம்பிக்கிற இடத்துல வெட்டுங்க. முன்னாடி இருக்கிற மெய் ஒரு துண்டு, "ஐம்" ஒரு துண்டு. அந்த ரெண்டாவது துண்டு தான் உங்க ரைம். அது அப்படியே இருக்கணும், முன்னாடி இருக்கிற மெய் மட்டும் மாறணும், அவ்வளவு தான் முழு ரைமோட சட்டம். இங்கிலீஷ்ல இதை பெர்ஃபெக்ட் ரைம்னு சொல்வாங்க.

முன்னாடி இருக்கிற மெய் மாறியே ஆகணும்ங்கிறத நிறைய பேர் விட்டுடுறாங்க. மேற்கத்திய சமையல்ல போடுற ஒரு வாசனை இலை இருக்கு, அதையும் "டைம்"னு தான் உச்சரிப்பாங்க, ஸ்பெல்லிங்ல மட்டும் ஒரு "ஹெச்" கூட வரும். சத்தம் அச்சு அசலா ஒண்ணு, அதனால அது ரைமே இல்ல, அதே வார்த்தைய ரெண்டாவது தடவ சொன்ன மாதிரி தான் காதுல விழும். லைஃப்டைம், சம்டைம், பெட்டைம், ஓவர்டைம் எல்லாத்துக்கும் இதே கதி, எல்லாமே டைம்லயே முடியுது. நம்ம சினிமா பாட்டுல அடி கடைசில ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தா அழகா இருக்கும், இயைபுன்னு அதுக்கு இலக்கணத்துலயே பேர் இருக்கு, ஆனா இங்கிலீஷ் காது அதை ரைமா எடுத்துக்கிறதில்ல.

இன்னொரு இடத்துலயும் நம்ம காது ஏமாத்தும், அது அழுத்தம். தமிழ்ல எதுகைன்னா முதல் எழுத்தோட அளவு ஒத்து வந்து ரெண்டாவது எழுத்து அதே எழுத்தா இருக்கணும், அதனால நாம வார்த்தையோட தலைப்பக்கம் கேட்டுப் பழகினவங்க. இங்கிலீஷ்காரங்க கேக்குறது வால்பக்கம். அதுவும் சும்மா வால் இல்ல, கடைசியா அழுத்தம் விழுற உயிர்ல ஆரம்பிச்சு முடிவு வரைக்கும். டைமிங்ங்கிற வார்த்தைல அழுத்தம் "டை"ல விழுது, அப்போ ரைம் துண்டு "ஐமிங்". க்ளைமிங் ஒத்து வரும், ரைமிங் ஒத்து வரும். கமிங் ஒத்து வராது. நம்ம காதுக்கு டைமிங், கமிங் ரெண்டுமே "மிங்"ல முடியுதே, நல்லாத்தானே இருக்குன்னு தோணும், இயைபுக்கு அது போதும், ஆனா இங்கிலீஷ்ல அழுத்தம் இல்லாத "மிங்" மட்டும் ஒத்துப்போனா அது கணக்குல வராது. சித்தி பொண்ணு முன்னாடி எழுதி வெச்சிருந்த பாட்டுகள்ல பாதி ரைம் இப்படித்தான் இருந்துச்சு, டாக்கிங் ஸ்லீப்பிங்னு, எல்லாம் வெறும் "இங்". இதைப் புரிஞ்சுக்கிட்டதும் அவளே ஒவ்வொண்ணா மாத்த ஆரம்பிச்சுட்டா.

சரி, இப்போ தேடல். ஒரு பேப்பர எடுத்து நடுவுல "ஐம்"னு எழுதி, அதுக்கு முன்னாடி இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க. பைம், இல்ல. ஃபைம், இல்ல. ஹைம், இல்ல. லைம், இருக்கு. இப்படி தனி எழுத்து முடிஞ்சதும் கூட்டு மெய்களுக்குப் போங்க, ப்ள, ப்ர, ச்ச, க்ள, க்ர, ட்ர, ஃப்ள, ப்ர, ஷ, ஸ்ல, ஸ்ட, ஸ்ட்ர இப்படி. முக்கால்வாசி நல்ல ரைம் இந்தக் கூட்டு மெய்லதான் ஒளிஞ்சிருக்கும், புதுசா எழுதறவங்க தனி எழுத்தோட நிறுத்திடுறாங்க, அதனாலதான் மூணே மூணு வார்த்தை மட்டும் கிடைக்குது.

ஒரு விஷயம், இந்த லிஸ்ட மட்டும் தமிழ் எழுத்துல எழுதாதீங்க, இங்கிலீஷ்லயே எழுதுங்க. நான் இங்க தமிழ்ல எழுதுறேன், ஆனா உங்க நோட்டுல வேண்டாம். ஏன்னா "க்ரைம்"னு எழுதினா அது குற்றமா, இல்ல சுவத்துல படியுற அழுக்கா? ரெண்டும் வேற வேற வார்த்தை, முதல் எழுத்து வேற, ரெண்டுமே டைமுக்கு ரைம், தமிழ்ல எழுதினா ஒண்ணா தெரியும். அமெரிக்காவுல 10 சென்ட் காசுக்கு ஒரு பேர் உண்டு, அதையும் நாம எழுதினா "டைம்"னு தான் வரும், ஆனா அதோட முதல் எழுத்து டாக்டர்ல வர்ற சத்தம், நம்ம டைமோட முதல் எழுத்து டேபிள்ங்கிற வார்த்தைல வர்ற சத்தம். அதனால அதுவும் முறையான முழு ரைம் தான்.

எங்களுக்கு அன்னைக்கு வந்த லிஸ்ட்: மணி அடிக்கிற சைம், மேல ஏறுற க்ளைம், குற்றமா ஒரு க்ரைம், அழுக்கா ஒரு க்ரைம், அந்த 10 சென்ட் காசு, லைம், பேசாம நடிக்கிற மைம், ப்ரைம், ரைம், வழவழன்னு இருக்கிற ஸ்லைம், ரெண்டு அசையோட சப்லைம். அப்புறம் யாருமே யோசிக்காத ஒண்ணு, "ஐம்". ஐ ஆம்ங்கிறதோட சுருக்கம், முன்னாடி மெய்யே கிடையாது, வெறும் உயிர்ல ஆரம்பிக்குது, ஆனா துண்டு ஒத்துப்போகுது. அது வாக்கியம் முடியுற இடத்துல நிக்காது, இங்கிலீஷ்ல அங்க "ஐ ஆம்"னு முழுசா தான் சொல்லணும், ஆனா வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடுதுன்னா அழகா நிக்கும். "யூ நோ தட் ஐம்"னு ஒரு வரிய நிறுத்தி "ஸ்டில் வெய்ட்டிங் ஹியர்"னு அடுத்த வரில தொடரலாம்.

சித்தி பொண்ணுக்கு க்ளைம் வரவே இல்ல, மலைக்கோட்டை ஏறுற பாட்டு எழுதிட்டு ஏறுறதுங்கிற வார்த்தை தோணல. காரணம் ஸ்பெல்லிங். கடைசில ஒரு "பி" நிக்குதில்லையா, நம்ம ஊர்ல பல பேர் அதை "க்ளைம்ப்"னு தான் படிக்கிறோம், ஸ்கூல்ல அப்படித்தான் காதுல விழுந்துச்சு. அந்த பி ஊமை. இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா இங்கிலீஷ் ஸ்பெல்லிங் உங்கள ரெண்டு விதமா ஏமாத்தும். ஒண்ணு, எழுத்து வேற மாதிரி இருக்கும் ஆனா சத்தம் ஒத்துப்போகும்: க்ளைம் அப்படி, பாரடைம்ங்கிற வார்த்தைல ஒரு ஊமை "ஜி" இருக்கும், ரைம்ங்கிற வார்த்தைலயே "ஐ" எழுத்து கிடையாது, "ஒய்" தான். இன்னொண்ணு, எழுத்து ஒரே மாதிரி இருக்கும் ஆனா சத்தம் ஒட்டாது: ரெஜீம்ங்கிற வார்த்தையோட கடைசி நாலு எழுத்து டைமோட நாலு எழுத்தேதான், முதல் எழுத்து மட்டும் வேற, ஆனா படிக்கிறது "ஈம்". க்ளைம்ல முதல் எழுத்த எடுத்துட்டா கை கால்னு அர்த்தம் வர்ற லிம், உயிரே மாறிப்போச்சு. கண்ணுக்கு மட்டும் ரைமா தெரியுற இதுக்கு ஐ ரைம்னு பேர், கண்ங்கிற ஐ. சீப்புக்கு ஒரு வார்த்தை, கல்லறைக்கு ஒரு வார்த்தை, வெடிகுண்டுக்கு ஒரு வார்த்தை, மூணும் ஒரே மாதிரி முடியும் ஸ்பெல்லிங்ல, ஆனா கோம், டூம், பாம்னு மூணு தனித்தனி சத்தம். ஜான் வாக்கர்னு ஒருத்தர் 1775ல ஒரு ரைம் அகராதி போட்டார், வார்த்தைகள கடைசி எழுத்துலேருந்து திருப்பி அடுக்கினது, அந்தக் காலத்துக்கு பெரிய வேலை, ஆனா எழுத்த வெச்சு தேடினா இந்த மாதிரி வார்த்தைகள் ஒண்ணா வந்து நிக்கும். உங்க காது தான் கடைசி தீர்ப்பு.

நீள வார்த்தைகள் பத்தி சுருக்கமா. சப்லைம்ல அழுத்தம் கடைசி அசைல விழுது, அதனால அது நூறு சதவீதம் சரி. பாரடைம், பான்டோமைம் மாதிரி மூணு அசை வார்த்தைகள்ல பெரிய அழுத்தம் முதல் அசைல இருக்கும், கடைசில லேசா ஒரு அழுத்தம், பாட்டுல அந்த கடைசி அசைய தாளத்துல அழுத்திப் பாடினா ஒட்டிக்கும். வார்த்தையோட உருவத்த மாத்தியும் பாருங்க: டைம்ஸ்னு பன்மையாக்கினா க்ரைம்ஸ், க்ளைம்ஸ், சைம்ஸ் எல்லாம் வந்துடும், டைமர்னு ஆக்கினா க்ளைமர் வரும், இறந்த காலமாக்கினா ஏறினதுக்கு உள்ள வார்த்தை ரைமாகும்.

இவ்வளவும் சேர்த்தாலே முழு ரைம் ஒரு பத்துப் பன்னெண்டு தான், அதுலயும் பாதி யாரும் சாதாரணமா பேச்சுல சொல்லாதது. நிஜமான சுரங்கம் அடுத்ததுல இருக்கு. நியர் ரைம், ஸ்லான்ட் ரைம்னு சொல்வாங்க, நான் கிட்டத்தட்ட ரைம்னு சொல்றேன். பல பேர் இதை ரைம் கிடைக்காதவங்க செய்யுற சமாளிப்புன்னு நினைக்கிறாங்க, எனக்கு அது கேக்கவே கஷ்டமா இருக்கும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் 19ஆம் நூற்றாண்டுலயே வேணும்னே இப்படித்தான் எழுதினாங்க, அவங்க இறந்ததுக்கு அப்புறம் 1890ல முதல் தொகுப்பு போட்டவங்க அந்த ரைம்கள்ல சிலத "சரி" பண்ணி மழுமழுன்னு ஆக்கிப் போட்டாங்க, பின்னாடி வந்தவங்க அவங்க கையெழுத்துப் பிரதிய பாத்து பழையபடி திருப்பி வெச்சாங்க. அந்தக் கோணல் தான் அழகுன்னு புரிய அவ்வளவு காலம் ஆச்சு.

இதை நமக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதே இல்லைங்கிறது தான் நான் இதுல முக்கியமா சொல்ல வந்தது. தமிழ் இலக்கணத்துல இன எதுகைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டாவது எழுத்து அதே எழுத்தா இல்லாம, அதே இனத்து எழுத்தா இருந்தா போதும், வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம். திருக்குறள் 74ஆவது குறள பாருங்க, ஒரு அடி "அன்பீனும்"னு ஆரம்பிக்குது, அடுத்த அடி "நண்பென்னும்"னு ஆரம்பிக்குது. ஒண்ணுல ரெண்டாவது எழுத்து ன், இன்னொண்ணுல ண். ரெண்டும் மெல்லினம், அதனால எதுகை. இங்கிலீஷ் நியர் ரைம் வேலை செய்யுறதும் இதே அடிப்படைலதான், வாய்ல ஒரே மாதிரி பிறக்கிற சத்தங்கள் காதுக்கு சொந்தக்காரங்களா கேக்கும்.

டைம்ல கடைசி சத்தம் ம், மூக்கு வழியா வர்றது, மெல்லினம். இங்கிலீஷ்ல அதுக்கு நெருங்கின சொந்தம் ன். அப்போ "ஐம்"ங்கிற துண்ட "ஐன்"னு மாத்துங்க, மறுபடி அதே எழுத்து வரிசைய ஓட்டுங்க. கதவு திறந்த மாதிரி கொட்டும்: லைன், ஃபைன், மைன், நைன், பைன், ஷைன், வைன், ஸ்பைன், டிசைன், டிவைன், கம்பைன், சன்ஷைன், ஊமை "ஜி"யோட வர்ற சைன். எல்லாமே சாதாரண ஜனங்க பேசுற வார்த்தைகள், எல்லாத்துலயும் உணர்ச்சி இருக்கு. சித்தி பொண்ணுகிட்ட லைன்னு நான் சொன்ன உடனே போன்ல ஒரு நொடி சத்தமே இல்ல, அப்புறம் "அக்கா, அவ எனக்காக லைன்ல தானே நின்னா"ன்னா. எலுமிச்சை போச்சு, ரெண்டாவது வரி வந்துச்சு: "யூ ஸ்டில் வேர் தேர், யூ கெப்ட் மை ப்ளேஸ் இன் லைன்". ரைம் தேடப் போய் நடந்த உண்மையே கிடைச்சிருச்சு. அதோட "இன் டைம்", "இன் லைன்"னு முன்னாடி இருக்கிற "இன்"னும் சேர்ந்து ஒத்துப்போறதால, கடைசி மெய் வேறங்கிறது பாடும்போது தெரியவே இல்ல.

அடுத்த வட்டம், உயிர் அதே "ஐ", கடைசி மெய் வேற இனம். இதுல எது கிட்ட, எது தூரம்னு ஒரு கணக்கு இருக்கு. ம் சத்தம் வரும்போது தொண்டைல கை வெச்சுப் பாருங்க, அதிரும். அதே மாதிரி அதிர்ற மெய்ல முடியுற வார்த்தைகள் டைமுக்கு கிட்ட இருக்கும்: ஸ்மைல், வைல், மைல், ஃபைவ், அலைவ், ட்ரைவ், சைக்கிள்ல போற ரைட், கண்களுக்கு உள்ள ஐஸ். அதிராத மெய்ல முடியுற நைட், லைக், லைஃப், சரின்னு சொல்ற ரைட் எல்லாம் கொஞ்சம் தூரம். ஏன்னா அதிராத மெய்க்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க உயிர சட்டுனு குறுக்கிடுவாங்க, அதிர்ற மெய்க்கு முன்னாடி இழுத்து சொல்வாங்க. சைக்கிள் ரைடையும் சரிங்கிற ரைட்டையும் அடுத்தடுத்து ஒரு இங்கிலீஷ்காரர் சொல்லக் கேளுங்க, முதல்ல வர்றது நீளமா இருக்கும். மெதுவான பாட்டுல டைம நீட்டிப் பாடுவீங்க, அங்க ஸ்மைல் ஒட்டும், நைட் அரைகுறையா நிக்கும். வேகமான ராப்ல எல்லாமே ஓடிடும், அங்க நைட்டும் சரி தான்.

கடைசில ஒரு சத்தத்த சேர்த்தோ குறைச்சோ கூட பாக்கலாம். மைன்ட், ஃபைன்ட், கைன்ட், பிஹைன்ட் எல்லாம் "ஐன்" கூட ஒரு சத்தம் கூடுதல். மை, ஸ்கை, ஹை, குட்பை எல்லாம் ம்ம கழட்டி விட்டது. வாய மூடாம திறந்தபடியே முடியுறதால, பாடறவங்களுக்கு ஸ்கை மாதிரி வார்த்தை ரொம்ப பிடிக்கும், நீட்ட நீட்ட போகும்.

அப்புறம் தலைகீழா ஒரு வழி: மெய்ய அப்படியே வெச்சுட்டு உயிர மாத்துறது. டைம், டீம், டேம், டூம். முன்னும் பின்னும் அதே சுவர், நடுவுல இருக்கிற ஆள் மட்டும் வேற. முதல் உலகப்போர்ல ராணுவ அதிகாரியா இருந்து 1918 நவம்பர்ல, போர் நிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி செத்துப்போன இங்கிலீஷ் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் இதை நிறைய பண்ணினார். கேக்கும்போது ஏதோ ஒண்ணு சரியில்லைங்கிற உணர்வு மனசுல தங்கும், அவர் எழுதின விஷயத்துக்கு அது தான் பொருத்தம். சந்தோஷப் பாட்டுல இதை வைக்காதீங்க, துக்கமோ பயமோ உள்ள இடத்துல வெச்சுப் பாருங்க.

ராப் எழுதறவங்க ஒரே வார்த்தையோட நிக்க மாட்டாங்க, முழு சொற்றொடரையே ரைமாக்குவாங்க. ஆரஞ்சுக்கு இங்கிலீஷ்ல ரைமே இல்லைன்னு எல்லாரும் சொல்வாங்க, 2010ல ஒரு டிவி பேட்டில எமினெம் டோர் ஹிஞ்ச், ஸ்டோரேஜ், பாரிட்ஜ்னு அடுக்கிக் காட்டினார், வார்த்தைய உடைச்சு ஒவ்வொரு உயிரையும் தனித்தனியா ஒத்துப்போக வைக்கிற வித்தை அது. நம்ம வார்த்தைக்கு நீங்களே செஞ்சு பாருங்க. "ஒன் மோர் டைம்"னு எடுத்துக்கோங்க, மூணு அசை. ஒன்னுக்கு ஃப்ரன்ட், மோருக்கு டோர், டைமுக்கு சைன். "ஒன் மோர் டைம்", "ஃப்ரன்ட் டோர் சைன்". ரெண்டையும் மாத்தி மாத்தி சொல்லிப் பாருங்க, வாய்க்கே சுகமா இருக்கும். பேப்பர்ல மூணு கட்டம் போட்டு ஒவ்வொரு அசைக்கும் கீழ ஒத்த உயிர் உள்ள வார்த்தைகள எழுதிட்டே போனா, நாலஞ்சு நாள் பழக்கத்துல தானா வரும்.

நெட்ல தேடக்கூடாதான்னு கேப்பீங்க, தாராளமா தேடுங்க, ஆனா பேப்பர் வேலை முடிச்ச பிறகு. ரைம்ஸோன்ங்கிற வெப்சைட் 1996லேருந்து இருக்கு, வார்த்தைய போட்டா அசை எண்ணிக்கைப்படி பிரிச்சுக் குடுக்கும், நியர் ரைம் தனியா கேட்டுப் பாக்கணும், முதல் பக்கத்தோட திரும்பிடாதீங்க. இந்த மாதிரி கருவிகள் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நல்லா பயன்படுத்தலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட உச்சரிப்பு அகராதின்னு இலவசமா ஒண்ணு கிடைக்குது, 1,30,000க்கு மேல வார்த்தைகள், ஒவ்வொண்ணுக்கும் ஸ்பெல்லிங் பக்கத்துல சத்தங்கள 39 குறியீட்டுல எழுதி, உயிர்கள் மேல 0, 1, 2ன்னு அழுத்தத்த நம்பரா போட்டிருப்பாங்க. டைமுக்கு மூணு குறியீடு, நடுவுல இருக்கிற ஐ மேல 1. கம்ப்யூட்டர் பண்றது என்னன்னா, கடைசி அழுத்தத்துலேருந்து வால வெட்டி, அதே வால் உள்ள எல்லா வார்த்தையையும் எடுத்துக் குடுக்குது. நாம பேப்பர்ல பண்ணின அதே வேலை தான், அதுக்கு அர்த்தம் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அந்த அகராதி அமெரிக்க உச்சரிப்புல இருக்குங்கிறத மறக்காதீங்க. திரும்பவும்ங்கிற அர்த்தத்துல வர்ற வார்த்தைய நம்ம ஊர்ல "அகெய்ன்"னு சொல்றோம், ரெய்ன், பெய்ன் கூட ரைமாகும். அமெரிக்காவுல அது "அகென்", மென், டென் கூட தான் சேரும். பிரிட்டன்ல ரெண்டு விதமாவும் சொல்றவங்க இருக்காங்க. அதனால பாட்ட யார் பாடப்போறாங்களோ அவங்க வாய்ல வார்த்தை எப்படி வருதோ அதுக்கு ரைம் பாருங்க, கருவி ஒத்துக்கலைன்னா பரவால்ல.

இங்கிலீஷும் தமிழும் கலந்து எழுதறவங்களுக்கு ஒரு சின்ன பொக்கிஷம் சொல்றேன். "ஐம்"ல முடியுற தமிழ் வார்த்தை கிடையாது, ஆனா பயம்ங்கிற வார்த்தைய வேகமா சொல்லிப் பாருங்க, ய நடுவுல கரைஞ்சு கிட்டத்தட்ட "பய்ம்"னு ஆகும், டைம் கூட அழகா உக்காரும். நயம், ஜெயம், மையம், ஐயம் எல்லாம் அப்படித்தான். சமயம்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே டைம், அதுவும் டைம் கூட ஒட்டுது, இதை முதல் தடவ கவனிச்சப்போ எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருந்துச்சு.

லிஸ்ட் தயாரானதும் பாட்டோட பக்கத்துல வெச்சு, உங்க கதைக்குள்ள ஏற்கனவே இருக்கிற வார்த்தைகள மட்டும் வட்டம் போடுங்க. சித்தி பொண்ணு லிஸ்ட்ல நாப்பது வார்த்தைக்கு மேல இருந்துச்சு, வட்டம் விழுந்தது மூணுக்கு தான்: லைன், க்ளைம், ஃபைன். மத்ததெல்லாம் நல்ல வார்த்தைகள் தான், ஆனா அந்த நாள்ல அங்க இல்லாதவை. ரைம் ஜோடில எந்த வார்த்தை பெரிய விஷயத்த சொல்லுதோ அதை ரெண்டாவதா வர்ற வரில வைங்க, அந்த வரியையே முதல்ல எழுதிட்டு அப்புறம் முன்னாடி வர்ற வரிய அதுக்கு ஏத்த மாதிரி கட்டுங்க, அப்போ தான் இழுத்து ஒட்டின மாதிரி தெரியாது. முழு ரைமும் கிட்டத்தட்ட ரைமும் கலந்து வைக்கிறதா இருந்தா, ஒண்ணு விட்டு ஒண்ணு முழு ரைமா வெச்சு, பக்கத்துப் பக்கத்து வரிய கிட்டத்தட்ட ரைமா விடலாம், காதுக்கு ரெண்டு சுகமும் கிடைக்கும். அவ அப்படித்தான் பண்ணினா. டைமுக்கு க்ளைம், லைனுக்கு ஃபைன், அன்னைக்கு பதினொன்றரை மணிக்கு போன்லயே கிட்டார எடுத்து பாடிக் காட்டினா:

ஐ மிஸ்ட் த பஸ், ஐ டிட்ன்ட் மேக் இட் இன் டைம்,
யூ ஸ்டில் வேர் தேர், யூ கெப்ட் மை ப்ளேஸ் இன் லைன்,
ஸோ மெனி ஸ்டெப்ஸ், ஸோ மெனி மோர் டு க்ளைம்,
யூ ஹெல்ட் மை ஹேண்ட் அண்ட் டோல்ட் மீ வீ வேர் ஃபைன்.